இரட்டையரில் ஒருவருக்கு மட்டும் ஏன் இதய நோய்?

அமெரிக்க உள்நாட்டுப் போரில் சண்டையிட்ட சிப்பாய்கள் பலர் நெஞ்சு படபடப்பு, மூச்சிரைப்பு, மார்வலி என்று பிலடெல்பியாவின் ராணுவ மருத்துவமனைக்கு வந்து சேர்ந்தார்கள். ஜேக்கப் டா கோஸ்டா என்ற மருத்துவர் 300 பேருக்கு மேல் சோதித்து 1871இல் ஒரு கட்டுரை எழுதினார். அவர் கண்ணுக்கு அது இதயத்தின் நோயாகவே பட்டது. பிறகு 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் போர் போன்ற கொடும் அதிர்ச்சிக்குப் பிறகும் நீடிக்கும் மனவடு நோயைப் பி.டி.எஸ்.டி. என்ற பெயரில் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்தது. கெட்ட கனவு, திடுக்கிடல், நினைவூட்டும் எதையும் கண்டு ஒதுங்குவது எல்லாம் அதில் இடம்பெற்றன. இதயம் மட்டும் விடுபட்டுப் போனது.

மனவடு உள்ள முன்னாள் படைவீரர்களுக்கு மாரடைப்பு கூடுதலாக வருகிறது என்று சொன்னால் யாரும் கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு. சிகரெட்டும் குடியும் தூக்கமில்லாத இரவுகளும் சேர்ந்தால் மாரடைப்பு வராமல் என்ன செய்யும்? நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் தேட இரட்டையர்கள் கைகொடுத்தார்கள்.

வியட்நாம் போர்க்காலத்தில் இருவருமே ராணுவத்தில் பணியாற்றிய இரட்டைச் சகோதரர்களுக்கென அமெரிக்காவில் ஒரு பதிவேடு இருக்கிறது. அதிலிருந்து 281 ஜோடிகளை எமரி பல்கலைக்கழகத்தின் வயோலா வக்கரினோ குழு எடுத்துக்கொண்டது. தொடக்கத்தில் இவர்களில் யாருக்கும் இதய நோய் இல்லை. சுமார் 13 ஆண்டுகள் கழித்து இதயத் தசைக்குள் ரத்தம் எப்படிப் பாய்கிறது என்பதையும் ஸ்கேனில் பார்த்தார்கள். மனவடு உள்ளவர்களில் 22.6 சதவீதத்தினருக்கும், இல்லாதவர்களில் 8.9 சதவீதத்தினருக்கும் இதய நோய் வந்திருந்தது. ஒருவருக்கு மனவடு இருந்து, உடன்பிறந்தவருக்கு இல்லாத ஜோடிகளை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் மனவடு உள்ளவர்களில் 22.2 சதவீதம், இல்லாதவர்களில் 12.8 சதவீதம். ஒரே தாய் வயிறு, ஒரே வீட்டுச் சாப்பாடு. புகை, குடி, மனச்சோர்வு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மறையவில்லை.

உடலுக்குள் என்னதான் நடக்கிறது? ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். தெருவில் பட்டாசு வெடிக்கிறது. அது பட்டாசுதான் என்று மனவடு உள்ள முன்னாள் வீரருக்குத் தெரியும். ஆனால் தெரிந்து முடிப்பதற்குள் மூளையின் அமிக்டலா அபாய மணியை அடித்துவிடுகிறது. நரம்புகள் உடலை உஷார்படுத்தும் நார்அட்ரினலின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. நாடி எகிறுகிறது, ரத்தக்குழாய்கள் இறுகுகின்றன. எப்போதோ ஒருமுறை என்றால் இது உயிர்காக்கும் ஏற்பாடு. கதவு அறைந்து சாத்தினாலும் டயர் வெடித்தாலும் வருடக்கணக்கில் இதே கதை என்றால், குழாய்களின் உட்சுவர் சேதமாகி அங்கே அழற்சியும் கொழுப்பும் குடியேறும். தூக்கத்தில் ரத்த அழுத்தம் தணிவது இயல்பு. கெட்ட கனவில் விழித்து வியர்த்து உட்கார்ந்திருப்பவருக்கு அந்த ஓய்வும் சரிவரக் கிடைப்பதில்லை.

இதில் ஒரு விசித்திரம் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோன். இவர்களுக்கு அது எகிறியிருக்கும் என்றுதான் யாரும் நினைப்போம். மனவடு ஆய்வாளர் ரேச்சல் யெஹூடாவின் ஆய்வுகளில் மனவடு உள்ள போர்வீரர்கள், நாஜி இனப்படுகொலையில் தப்பியவர்கள் எனப் பலரிடம் அது குறைவாகவே இருந்தது. எல்லா ஆய்வுகளிலும் இப்படி வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அழற்சியை அடக்குவது கார்டிசாலின் வேலைகளில் ஒன்று. கொஞ்சம் சுரந்ததுமே மூளை 'போதும்' என்று நிறுத்திவிட்டால் அந்த வேலை அரைகுறையாகிவிடும்.

அதற்காக எல்லாப் பழியையும் அதிர்ச்சியின் தலையில் போட முடியாது. மனவடு உள்ளவர்களின் மூளையில் நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸ் சிறிதாக இருப்பதைப் பார்த்து, அதிர்ச்சி மூளையைச் சுருக்கிவிடுகிறது என்று பலரும் எழுதினார்கள். வாட்ஸ்அப்பில் இன்னமும் எழுதுகிறார்கள். 2002இல் மார்க் கில்பர்ட்சன் குழு இங்கேயும் இரட்டையர்களைப் பார்த்தது. போர்முனைக்கே போகாத சகோதரருக்கும் ஹிப்போகாம்பஸ் சிறிதுதான்! பிறவியிலேயே அப்படி இருந்தவர்களை மனவடு எளிதில் பிடித்துக்கொண்டிருக்கலாம்.

இது படைவீரர்கள் விவகாரம் மட்டுமல்ல. அமெரிக்கச் செவிலியர்கள் சுமார் 50,000 பேரை 22 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், மனவடு அறிகுறிகள் மிக அதிகம் இருந்த பெண்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்தக் கூடுதல் வாய்ப்பில் கிட்டத்தட்ட பாதிக்கு உடல் எடையும் மனச்சோர்வு மாத்திரைகளும் காரணம்.

போன தூரம் திரும்பி வர முடியுமா? இரட்டையர்களில் மனவடு நீடித்தவர்களிடம் இதயத்துடிப்பின் இயல்பான ஏற்ற இறக்கம் குறைந்திருந்தது. குணமானவர்களிடம் அந்தக் குறை தென்படவில்லை. 2019இல் வெளியான இன்னோர் ஆய்வில், அறிகுறிகள் நன்றாகக் குறைந்த முன்னாள் வீரர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 49 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் இது மருந்து கொடுத்துச் சோதித்த ஆய்வல்ல, மருத்துவப் பதிவேடுகளைப் புரட்டிக் கண்டது. சிகிச்சையில் தேறியவர்கள் உடம்பையும் கூடவே கவனித்துக்கொண்டவர்களாக இருக்கலாம்.