வடக்கு ஜன்னலும் விபூதி நிறச் சுவரும்

போன தீபாவளிக்கு முன்னால் பெரியம்மா வீட்டுப் பின்னறைக்கு நான்தான் பெயிண்ட் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில், 1960களில் இந்தியர்களைக் கொண்டுவந்து குடியமர்த்தக் கட்டிய வீடுகளில் ஒன்று. மேடும் பள்ளமுமான இடம், தெரு எந்தப் பக்கம் வளைகிறதோ அந்தப் பக்கம் வீடு பார்க்கும். பின்னறை சின்னது, தெற்கே ஒரே ஒரு ஜன்னல். இணையத்தில் தேடினால் எல்லா இடத்திலும் ஒரே பாட்டு: தெற்கு அறையில் வெயில் கொட்டும், அங்கே சாம்பல், நீலம் எடுபடும்; வடக்கு அறை மங்கல், அதற்கு மஞ்சள் சாயல் வேண்டும். சரியென்று வெளிர் சாம்பல் வாங்கினேன். இரண்டு கோட் அடித்துக் காய்ந்த மறுநாள் காலை பெரியம்மா வாசற்படியில் நின்றே பார்த்துவிட்டு, "என்னடா இது, ஆஸ்பத்திரி வார்டு மாதிரி இருக்கு" என்றார். உண்மைதான். கடையில் கலர் கார்டில் விபூதி மாதிரி மிருதுவாக இருந்த நிறம், சுவரில் நீலம் பாரித்துக் கிடந்தது.

பெயிண்டர் மேல் குற்றமில்லை, டின்னிலும் கோளாறு இல்லை. அந்த யோசனை எழுதியவர்கள் பூமியின் வடபாதியில், லண்டனிலோ நியூயார்க்கிலோ உட்கார்ந்து எழுதியவர்கள். டர்பன் இருப்பது கிட்டத்தட்ட 30 டிகிரி தெற்கே. இங்கே நடுப்பகல் சூரியன் வருடம் முழுக்க வடக்கில்தான் இருக்கும். தெற்கு ஜன்னலில் டிசம்பர் அதிகாலையிலும் சாயங்காலமும் கொஞ்சம் எட்டிப் பார்க்கும், அவ்வளவுதான். வடக்கு குபேரனுடைய திசை என்று வாஸ்துக்காரர்கள் சொல்வதை மற்ற ஊர்க்காரர்கள் நம்பலாம், நம்பாமல் இருக்கலாம். டர்பனில் வெயில் வருவது நிச்சயமாக அந்தப் பக்கம்தான்.

வெயில் வராத ஜன்னலில் வெளிச்சம் மட்டும் எங்கிருந்து வருகிறது? வானத்திலிருந்து. சூரிய ஒளி காற்று மண்டலத்துக்குள் நுழையும்போது நீலம் சிவப்பைவிட அதிகமாகச் சிதறுகிறது, வானம் நீலமாகத் தெரிவதே அதனால்தான். தெற்கு ஜன்னல் வழியாக உள்ளே வருவது பெரும்பாலும் இந்தச் சிதறிய நீலம். ஒளியின் நிறத்தைக் கெல்வின் கணக்கில் சொல்வார்கள்: நேர் வெயில் 5500 கெல்வின் வாக்கில், தெளிந்த வானத்தின் நிழல் வெளிச்சம் 7000 முதல் 10000 வரை. எண் கூடக்கூட நீலம் கூடுகிறது. இதில் சாம்பலுக்கு ஒரு தனிப் பலவீனம் உண்டு. மஞ்சள் சுவர் நீலத்தைக் கொஞ்சம் விழுங்கிவிட்டு மற்றதைத் திருப்பி அனுப்பும். சாம்பல் எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் திருப்பி அனுப்புவதால், விழுகிற வெளிச்சம் என்ன சாயலோ அதே சாயலில் நிற்கும்.

உள்ளேயே பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தால் கண் பழகி அந்த நீலத்தைக் கழித்துவிடும். மூளை நாள் முழுக்கச் செய்கிற வேலை இது. வெள்ளைத் தாள் எந்த விளக்கிலும் வெள்ளையாகத் தெரிவது அதன் உபயம். ஆனால் பெரியம்மா நின்றது வாசற்படியில், மஞ்சள் பல்பு எரியும் நடையிலிருந்து வந்த கண்ணோடு. ஒரு அறையைப் பற்றிய அபிப்பிராயம் எப்போதும் வாசற்படியில்தான் பிறக்கிறது.

மாதத்தையும் பார்க்க வேண்டும். டர்பனில் ஜூன் கடைசியில் நடுப்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 37 டிகிரி உயரத்தில்தான் நிற்கும், டிசம்பரிலோ 83 டிகிரிக்கு மேல். வடக்கு ஜன்னலின் மேல்விளிம்பு தரையிலிருந்து 2 மீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஜூனில் வெயில் அறைக்குள் 2.7 மீட்டர் வரை படுத்துக்கிடக்கும், டிசம்பரில் கால் மீட்டர்கூட வராது. ஜூலையில் பார்த்துப் பிடித்துப்போன நிறத்தைத் தீபாவளிக்கு அடித்தால் அது வேறு நிறம்தான்.

அடுத்த ஏமாற்று வேலையை நான்கு சுவர்களும் சேர்ந்து செய்கின்றன. கார்டில் பட்ட வெளிச்சம் ஒரு தடவை பட்டு நேராகக் கண்ணுக்கு வருகிறது. அறையிலோ ஒரு சுவரில் பட்டு, எதிர்ச்சுவரில் பட்டு, மறுபடி இங்கே பட்டு வருகிறது. ஒரு வெளிர் மஞ்சள் பெயிண்ட் சிவப்பில் 85 சதவீதமும் நீலத்தில் 60 சதவீதமும் திருப்பி அனுப்புகிறது என்று வையுங்கள். ஒரு தடவை பட்டால் 85க்கு 60. இரண்டாவது தடவையில் 72க்கு 36. மூன்றாவதில் 61க்கு 22. நீலம் மூன்றில் ஒரு பங்குக்கு வந்துவிட்டது, அதாவது கார்டில் சந்தனமாக இருந்தது சுவரில் மஞ்சள் பத்துப் போட்ட மாதிரி ஆகிவிட்டது. மனதுக்குப் பிடித்ததைவிட ஒரு படி வெளிறியதை வாங்கு என்று பழைய பெயிண்டர்கள் சொல்வது இதனால்தான், அவர்கள் பெருக்கல் கணக்குப் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

தரையும் சும்மா இருக்காது. இங்கே வீட்டு முன்திண்ணையை ஸ்டூப் என்பார்கள், அதற்குச் சிவப்புப் பாலிஷ் போட்டுப் பளபளவென்று தேய்த்து வைப்பது பல வீடுகளில் வழக்கம். பெரியம்மா வீட்டு ஸ்டூப் வடக்குப் பார்த்தது. வெயில் அதில் விழுந்து எழும்பி முன்னறைக் கூரையில் இளஞ்சிவப்பாகப் படிந்திருக்கும். நான் சின்ன வயதில் அது கூரைக்கு அடித்த பெயிண்ட் என்றே நினைத்திருந்தேன்.

ராத்திரி ஆனதும் கதை மாறிவிடும். நம் குத்துவிளக்குச் சுடர் 2000 கெல்வினை ஒட்டியது, செம்மஞ்சள். 'வார்ம் ஒயிட்' எல்இடி 2700 அல்லது 3000, 'டே லைட்' என்று விற்பது 6500. எல்இடி பல்புக்குள் இருப்பது நீல ஒளி விடும் சில்லு, அதன்மேல் மஞ்சள் பூச்சு. நீலத்தில் ஒரு பகுதியைப் பூச்சு மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. மலிவான பல்பில் குறைவது ஆழ்ந்த சிவப்பு. அட்டைப்பெட்டியில் சிஆர்ஐ 80 என்று போட்டிருக்கும், அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டும் என்பதற்கு நூற்றுக்கு மதிப்பெண். அது எட்டு மங்கல் நிறங்களின் சராசரி, அழுத்தமான சிவப்பு அந்த எட்டில் இல்லவே இல்லை! அதைத் தனியாக ஆர்9 என்று அளப்பார்கள். அரக்குப் பட்டுப்புடவை பகலில் ஜொலித்து ராத்திரியில் செங்கல்பொடி மாதிரி இருந்தால் புடவையைத் திட்டாதீர்கள். சுவரோடு ஒட்டிப்போகிற மாதிரி பார்த்து வாங்கிய மெத்தையுறை விளக்குப் போட்டதும் ஒட்டாமல் போவதும் இதே ரகம்தான். பெயிண்டின் நிறமியும் துணியின் சாயமும் வேறு வேறு சரக்கு, ஒரு வெளிச்சத்தில் தற்செயலாக ஒத்துப்போகும், இன்னொன்றில் பிரியும்.

சரி, பெரியம்மா அறைக்கு என்ன செய்தோம்? முதலில் 6500 பல்பைக் கழற்றி எறிந்தோம். அப்புறம் ஒரு விளக்கைச் சுவருக்கு ஒரு சாண் தள்ளிக் கீழிருந்து மேலே பார்க்க வைத்தேன். பழைய பூச்சு, கரண்டி இழுத்த தடம் இன்னும் இருக்கிறது. வெளிச்சம் சுவரோடு ஒட்டி 10 டிகிரி சாய்வில் வந்தால் 1 மில்லிமீட்டர் மேட்டுக்கு ஏறக்குறைய 6 மில்லிமீட்டர் நிழல் விழும், 5 டிகிரியில் 11. நடுக்கூரை விளக்கில் மொட்டையாக இருந்த சுவர் வயல் உழுத மாதிரி எழுந்து வந்தது. பளபளப்புப் பெயிண்டில் இதைச் செய்தால் ஒவ்வொரு குறையும் மின்னும். மேட் பெயிண்ட்தான் இதற்குச் சரி.

நிறத்துக்கு இந்தத் தடவை கார்டை நம்பவில்லை. முழங்கை நீளப் பலகை மூன்று, ஒவ்வொன்றிலும் இரண்டு கோட். மூன்று நாள் காலை, மத்தியானம், விளக்கு வைத்த பிறகு என்று அறைக்குள் இடம் மாற்றி மாற்றிச் சாய்த்து வைத்தோம். வெள்ளைச் சுவரில் சின்னச் சதுரமாகத் தீட்டிப் பார்ப்பது உதவாது, சுற்றியுள்ள வெள்ளை அதை இருட்டாகக் காட்டிவிடும். பாரிஸின் கோப்லான் நெசவுச்சாலையில் சாயப் பிரிவைப் பார்த்துக்கொண்ட வேதியியலாளர் ஷெவ்ருல் இதைத்தான் 1839இல் விளக்கி எழுதினார்: கறுப்பு நூல் வெளிறுகிறது என்று புகார் வந்தபோது கோளாறு சாயத்தில் இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நிறத்தில் இருந்தது. பெரியம்மா கடைசியில் எடுத்தது மோர் நிறம்.

அரை டின் சாம்பல் மிச்சம். வீணாக்குவானேன் என்று வடக்கு முன்னறைக்கு அடித்தேன். அங்கே வெயிலும் ஸ்டூப்பின் சிவப்பும் சேர்ந்து அசல் விபூதியாக நிற்கிறது. "இது நல்ல கலர், முதல்லயே இதை வாங்கியிருக்கலாம்ல" என்கிறார் பெரியம்மா. அதே டின் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்.