வீட்டில் ஸ்கார்லெட் காய்ச்சலா? இன்ஸ்பெக்டர் வருவதற்குள் தெரிந்துகொள்ள வேண்டியவை

வருஷம் 1905. இங்கிலாந்தில் ஒரு மில் ஊரில் குடியிருக்கிறீர்கள், பையனுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் (உடம்பெல்லாம் சிவந்து தடிக்கும் தொற்றுக் காய்ச்சல்) என்று வைத்துக்கொள்ளுங்கள். 1889-இன் தொற்றுநோய் அறிவிப்புச் சட்டத்தை முதலில் விருப்பப்பட்ட ஊர்கள்தான் ஏற்றன. 1900 முதல் எல்லா ஊருக்கும் கட்டாயம். முன்கதை இவ்வளவு போதும். கொரோனா காலத்தில் வாசலில் தகரம் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு மீதி சட்டென்று புரியும்.

டாக்டர் வந்து பார்த்துப் படிவம் எழுதி சுகாதார அதிகாரிக்கு அனுப்பிவிட்டார், நம் வேலை முடிந்தது என்று உட்கார்ந்துவிடாதீர்கள். பலர் மாட்டுவது இங்கேதான். சட்டப்படி குடும்பத் தலைவரும் தனியாகத் தகவல் அனுப்பியாக வேண்டும். தவறினால் 40 ஷில்லிங் வரை அபராதம். டாக்டருக்குப் படிவம் இலவசம். தன் சொந்தத் தொழிலில் பார்க்கும் நோயாளி என்றால் ஒவ்வொன்றுக்கும் 2 ஷில்லிங் 6 பென்ஸ் கூலியும் உண்டு. வேலைக்குப் போக முடியாமல் நீங்கள் இழக்கும் கூலிக்கு அந்தச் சட்டத்தில் ஒரு வரிகூடக் கிடையாது.

பெரியம்மை, டிப்தீரியா, டைபாய்டு எல்லாம் அறிவிக்க வேண்டிய நோய்ப் பட்டியலில் உண்டு. ஸ்கார்லெட் காய்ச்சலைவிட அதிகக் குழந்தைகளைக் கொண்டுபோகும் தட்டம்மையும் கக்குவானும் அதில் இல்லை. கவுன்சிலின் (ஊர் நிர்வாகத்தின்) நோய்க் கணக்கு குறைந்திருக்கிறது என்று யாராவது பெருமை பேசினால் இதை ஞாபகம் வையுங்கள்.

அப்புறம் கவுன்சிலின் சுகாதார இன்ஸ்பெக்டர் வருவார். அவர் எண்ணுவது அறைகளை. தனி அறை ஒதுக்க முடிந்தவர் பிள்ளையை வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரே அறையில் ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்கள் என்றால் தொற்று ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். ஆனால் அதற்கு டாக்டர் சான்றிதழும் மாஜிஸ்திரேட் உத்தரவும் வேண்டும். இன்ஸ்பெக்டரின் வாய் வார்த்தை போதாது, உத்தரவைக் காட்டச் சொல்லுங்கள். செலவு யாருடையது என்பதையும் அப்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். கட்டாயப்படுத்திக் கூட்டிப் போனாலும் 1875-இன் பொதுச் சுகாதாரச் சட்டப்படி ஆஸ்பத்திரிச் செலவு உங்கள் கடன். வீடு திரும்பிய ஆறு மாதத்துக்குள் கவுன்சில் வசூலிக்கலாம். தப்பிக்க வேண்டுமானால் கதியற்ற ஏழை என்று பதிவாகியிருக்க வேண்டும். உழைத்துச் சாப்பிடுகிறவனுக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன?

மெத்தை, போர்வை விஷயத்தில் இன்னும் உஷார். 1875 சட்டத்தில் அவற்றை எரிக்கக் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு, ஈடு தருவது அவர்கள் மனசு. 1890-இன் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம் கொஞ்சம் இரக்கமானது. துணிகளைக் கிருமி நீக்கி இலவசமாகத் திருப்பித் தர வேண்டும், வீணாகக் கெடுத்தால் ஈடு தர வேண்டும். வீட்டைச் சுத்தம் செய்ய உங்களை வெளியேற்றினால் காசு வாங்காமல் தங்க இடமும் தர வேண்டும். இதெல்லாம் உங்கள் கவுன்சில் அதை ஏற்றிருந்தால்தான். குமாஸ்தாவிடம் முதலில் அதைக் கேளுங்கள். 'கூட்டத்தில் பேசுவார்கள்' என்றால் ஏற்கவில்லை என்றுதான் அர்த்தம். எதுவானாலும் துணி எடுக்க வரும் கவுன்சில் வண்டியில் ஏறும் ஒவ்வொரு துணியையும் எழுதி, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

ஆஸ்பத்திரி வண்டி வரவில்லையே என்று பிள்ளையை டிராமில் மட்டும் தூக்கிக்கொண்டு போய்விடாதீர்கள். அதற்கு அபராதம் 5 பவுண்டு வரை, அதாவது 100 ஷில்லிங்.