மார்பில் முடி இல்லையே என்று கவலைப்படும் தம்பிகளுக்கு

தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தோல் மருத்துவரிடம் வரும் இளைஞர்கள் பலர் தலைமுடி கொட்டுகிறது என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். மருந்துச் சீட்டை வாங்கி எழுந்த பிறகுதான் உள்ளே இருப்பது வெளியே வரும்: "சார், இன்னொண்ணு கேக்கணும்... நெஞ்சுல முடியே இல்ல. பொண்ணு பாத்துட்டாங்க. ஏதாவது குறை இருக்குமா?"

பெரும்பாலும் எந்தக் குறையும் இருக்காது. ஏன் என்று புரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

உடம்பில் சுமார் 50 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. எல்லாம் தாயின் வயிற்றிலேயே உருவானவை. பிறகு புதிதாக ஒன்றும் முளைப்பதில்லை. வயதுக்கு வரும்போது விரைகளில் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் அந்த மயிர்க்கால்களைத் தூண்ட, பூனைமுடி கறுத்துத் தடிக்கிறது. ஆனால் எல்லா இடத்துக்கும் ஒரே கணக்கு இல்லை. அக்குளுக்குக் கொஞ்சம் ஹார்மோன் போதும். தாடிக்கும் மார்புக்கும் அது போதாது. அங்கே டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்டி என்ற வீரியமான வடிவத்துக்கு மாற வேண்டும். அந்த டிஹெச்டியை மயிர்க்கால் எவ்வளவு ஏற்றுக்கொள்கிறது என்பது அப்பா வழி, அம்மா வழி இரண்டிலிருந்தும் வரும் மரபு. மார்பு முழுக்க முடி உள்ளவரையும் ஒன்றிரண்டு முடி மட்டும் உள்ளவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தால், இருவருக்கும் ஹார்மோன் அளவு ஒன்றுபோலவே இருக்கலாம். அதே டிஹெச்டிதான் வழுக்கை விழும் வாகு உள்ளவர்களுக்கு உச்சந்தலை முடியை மெலிய வைக்கிறது. மார்பில் காடாக வளர்ந்த சிலருக்குத் தலையில் வழுக்கை விழுவது இதனால்தான்.

வயதையும் பார்க்க வேண்டும். 22 வயதில் கன்னத்தில் திட்டுத்திட்டாக இருக்கும் தாடி, 30ஐத் தாண்டியும் அடர்ந்துகொண்டே போகும். மார்பு முடி அதைவிட மெதுவாக வரும். காதுமடல் முடி 40க்கு மேல் எட்டிப் பார்க்கும். கை, கால் முடி சில மாதம் மட்டுமே வளர்ந்து உதிர்ந்துவிடுவதால் ஓரளவுக்கு மேல் நீளாது. தலைமுடிக்கு அந்த வளர்ச்சிக்காலம் 2 முதல் 6 வருடம்.

அடிக்கடி ஷேவ் செய்தால் முடி தடிக்கும் என்பது 1928லேயே சோதித்துப் பார்த்துப் பொய் என்று தெரிந்துகொண்ட விஷயம். வெட்டாத முடியின் நுனி ஊசிபோலக் கூர்ந்திருக்கும். பிளேடு அதை நடுவில் வெட்டுவதால் தட்டையான அடிப்பாகம் வெளியே நிற்கும். ராகி அறுத்த கொல்லையில் தாள் காலைக் குத்துகிறதே, அது மாதிரி. தாள் குத்துகிறது என்பதற்காகப் பயிர் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை.

அடுத்தது தண்ணீர். நம் இரு மாவட்டத்து நிலத்தடி நீரிலும் பல இடங்களில் ஃப்ளோரைடு அதிகம்; ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரைப் பல வருடம் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், எலும்பும் மூட்டும் இறுகும். அதற்காகக் கட்டாயம் கவலைப்பட வேண்டும். ஆனால் தாடி வராததற்கு அந்தத் தண்ணீரைக் குறை சொல்ல முடியாது. போர் தண்ணீரின் உப்பு முடியைச் சொரசொரப்பாக்கும், வேரைத் தொடாது.

ஆரம்பத்திலிருந்தே முடி குறைவாக இருந்தால் அது பெரும்பாலும் குடும்ப வாகு. இருந்த முடி குறைகிறதென்றால் உடனே காட்ட வேண்டும். நாள் விட்டு நாள் ஷேவ் செய்தவர் இப்போது வாரத்துக்கு ஒருமுறை போதும் என்கிறார். கூடவே தாம்பத்திய ஆசை இல்லை, தலைவலி, பக்கவாட்டில் வரும் வண்டி சட்டென்று கண்ணில் படுவதில்லை. இவை சேர்ந்து வந்தால் மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைப் பார்க்க வேண்டும். வருடக்கணக்காகத் தினமும் குடிப்பவருக்கு மார்பிலும் அக்குளிலும் முடி உதிர்ந்து மார்பகம் பெருத்தால் கல்லீரல் கெட்டிருக்கலாம். நல்ல உயரம், நீண்ட கால்கள், அரும்பு மீசை, விரைகள் பாக்கு அளவிலேயே நின்றுவிட்டன என்றால் பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கலாம்; அதற்கான சோதனை தேவை. பலருக்கு இது கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று போகும்போதுதான் தெரியவருகிறது. முன்பே தெரிந்தால் எவ்வளவோ நல்லது.

டெஸ்டோஸ்டிரோன் சோதனையைச் சாயந்திரம் கொடுப்பது வீண். காலை 8 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், காய்ச்சல் இல்லாத நாளில் கொடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் இன்னொரு முறை பார்க்காமல் முடிவு சொல்லக் கூடாது. பெரும்பாலான லேப்களில் டெசிலிட்டருக்கு 300 முதல் 1000 நானோகிராம் வரை இயல்பு. 400 வந்தவருக்கு 900 வந்தவரைவிட ஆண்மை குறைவு என்று பொருளில்லை.

அடுத்து, உங்கள் கால்களைக் கவனியுங்கள். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் மட்டும் இரு காலிலும் ஒரே மாதிரி முடி இல்லாமல், தோல் கதகதப்பாக இருந்தால், அது பேன்ட்டும் சாக்ஸும் உரசித் தேய்ந்ததாக இருக்கலாம், மருந்து வேண்டாம். பீடி, சிகரெட் பிடிப்பவருக்குப் பாதமும் விரல்களும் சில்லிட்டு, தோல் பளபளத்து, முடி உதிர்ந்து, கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுக்கிப் பிடித்தால் கதை வேறு. ரத்தக்குழாய் அடைக்கிறது. தள்ளிப்போட்டால் விரலை இழக்க நேரிடும்.

வெளிறிய அல்லது சிவந்த படையில் மட்டும் முடி உதிர்ந்து, வெயிலில் வேலை செய்தும் அந்த இடம் வேர்க்காமல் இருந்தால், கண்ணை மூடிக்கொண்டு யாரையாவது பஞ்சு நுனியால் தொடச் சொல்லுங்கள். தொட்டது தெரியாவிட்டால் தொழுநோயாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் 6 மாதம் அல்லது 12 மாதக் கூட்டு மருந்து இலவசம். முழுதாகக் குணமாகும், மறைத்து வைத்தால்தான் கை விரல் மடங்கும். வட்டமாக வழுவழுவென்று தாடியில் உதிர்ந்து, தொட்டால் உணர்ச்சி இருந்தால் அது புழுவெட்டு. அதற்குப் பூண்டை அரைத்துத் தேய்த்துத் தோலை வேகவைக்க வேண்டாம்.

முடி அதிகம் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை, முக்கியமாக லாரி ஓட்டுகிற அண்ணன்மார்களுக்கு. பல மணி நேரம் சீட்டில் உட்கார்ந்து, வியர்வையும் அழுத்தமும் சேர்ந்தால், பிட்டப் பிளவில் உதிர்ந்த முடி தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வால் எலும்புக்கு மேல் சின்னக் குழி, வலி, நாற்றமுள்ள சீழ். சிலருக்குக் குழியிலிருந்து முடியே நீட்டிக்கொண்டிருக்கும். மூலம், பவுத்திரம் என்று நினைத்துப் பலர் போலி வைத்தியரிடம் போகிறார்கள். சீழை மட்டும் கீறி எடுத்தால் திரும்பத் திரும்ப வரும்; உள்ளே சிக்கிய முடியையும் குழியையும் சேர்த்து அறுவைச் சிகிச்சையில் எடுக்க வேண்டும். வராமல் தடுக்க, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடங்கள். குளித்தபின் அந்த இடத்தை ஈரமில்லாமல் துடையுங்கள். அங்குள்ள முடியை வாரம் ஒருமுறை ட்ரிம்மரால் குறையுங்கள்.

தாடிக்கு மினாக்ஸிடில் 5 சதவீதக் கரைசல் கேட்டு வருகிறார்கள். சிலருக்குப் பலன் உண்டு. முதல் சில வாரம் முடி கொட்டும், பலன் தெரிய 4 மாதமாவது ஆகும், நிறுத்தினால் வளர்ந்ததில் ஓரளவு போய்விடலாம். படபடப்பு, கால் வீக்கம் வந்தால் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இதய நோய் உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. தடவிய கன்னத்தோடு கைக்குழந்தையைக் கொஞ்சாதீர்கள். மருந்து ஒட்டிக் குழந்தையின் உடம்பில் முடி வளர்ந்ததுண்டு.

ஜிம்மில் யாரோ கொடுக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை மட்டும் போடவே போடாதீர்கள். வெளியிலிருந்து ஹார்மோன் வந்தால் மூளை விரைகளுக்கு உத்தரவு அனுப்புவதை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு பூஜ்ஜியம் வரை இறங்கும், திரும்ப மாதக்கணக்காகும், சிலருக்கு வருடமும் ஆகும். கல்யாணத்துக்கு முன் மார்பில் நாலு முடி வேண்டும் என்று போட்ட ஊசி, கல்யாணத்துக்குப் பின் குழந்தைக்காக ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வைத்துவிடும்.

முடியை எடுக்க நினைப்பவர்கள் முதலில் ட்ரிம்மரைப் பாருங்கள். முடி நீக்கும் கிரீமை அந்தரங்கத்தில் பூசிப் புண்ணாகி வருபவர்கள் அதிகம். ஷேவ் செய்தால் வெந்நீரில் ஊறவைத்து, முடி படிந்திருக்கும் திசையிலேயே இழுங்கள். எதிர்த்து இழுத்தால் முடி தோலுக்குள்ளேயே சுருண்டு கொப்புளமாகும். முகத்தில் மரு இருந்தால் பிளேடு போகும் வழியெல்லாம் அது வரிசையாகப் பரவும். மரு போகும்வரை ஷேவ் வேண்டாம், சலூனில் உங்கள் கண் முன்னே புது பிளேடு மாற்றினால்கூட.