செலுத்து வலு: ‘பரிமாற்ற சக்தி’ ஏன் பிழை?

ரவுட்டர் செயலியின் வைஃபை அமைப்புகளில் ‘டிரான்ஸ்மிட் பவர்’ (transmit power) என்று ஒரு வரி இருக்கும்; தமிழில் அதைப் ‘பரிமாற்ற சக்தி’ என்று எழுதுகிறார்கள். பக்கத்தில் உயர், நடுத்தரம், குறைவு என்று மூன்று தெரிவுகள். கணினி வகுப்புக் குறிப்புகளிலும் யூடியூப் விளக்கங்களிலும் இதே சொல்தான் ஓடுகிறது. இரண்டு சொற்களைக் கொண்ட தொடர், இரண்டும் பிழை.

அங்கே அளக்கப்படுவது, ரவுட்டரின் வானொலிப் பகுதி செக்கனுக்கு எவ்வளவு சக்தியை வெளியே தள்ளுகிறது என்பது. அலகு மில்லிவாட்; அதையே மடக்கையில் சொன்னால் டிபிஎம். 1 மில்லிவாட் 0 டிபிஎம், 100 மில்லிவாட் 20 டிபிஎம். 3 கூடினால் இரட்டிப்பு, 10 கூடினால் பத்து மடங்கு. ஆங்கிலச் சொல்லின் முதற்பாதி இலத்தீனில் ‘அப்பால் அனுப்பு’. தமிழில் செல் என்பதன் பிறவினை செலுத்து. வல் என்ற வேரிலிருந்து வலு. ஆகவே செலுத்து வலு. சொற்பிறப்பு இவ்வளவுதான்.

முதலில் ‘சக்தி’. இலங்கைப் பாடநூலில் சக்தியின் அலகு யூல், வலுவின் அலகு வாட். சாதாரண தரத்துப் பிள்ளையே பிரித்து எழுதும் இரண்டையும் மொழிபெயர்ப்பாளர் ஒன்றாக்கிவிடுகிறார். யாழ்ப்பாணத்தில் ‘வலு கெட்டிக்காரன்’ என்றால் மிகவும் என்று பொருளாகுமே என்பார்கள். ஆகட்டும், பேச்சுவழக்கு அது; பரீட்சைத் தாளில் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. தமிழ்நாட்டுத் தளங்களில் வரும் ‘அலைபரப்புத் திறன்’ அங்கே சரி, அவர்களின் இயற்பியலில் திறன்தான் வாட். இங்கே திறன் என்றால் வினைத்திறன் நினைவுக்கு வரும். ரவுட்டர் எவ்வளவு சிக்கனமாக வேலை செய்கிறது என்று வாசிக்கப்படும். ‘பரப்பு’ம் தொல்லைதான்: பரப்பளவும் அதுதான், வடக்கில் காணி அளவும் அதுதான்.

பெரிய கேடு ‘பரிமாற்றம்’. பரிமாற்றம் என்றால் கொடுத்து வாங்குவது, இருவழி. இந்த அளவோ ஒருவழி: ரவுட்டர் பேசுவதை மட்டும் குறிக்கிறது, கேட்பதை அல்ல. இந்த ஒரு சொல்லால்தான் பழுதுபார்ப்பு பாதை தவறுகிறது. தோட்டத்து லயம் ஒன்றின், அதாவது வரிசை வீடுகளின், தொங்கல் காம்பராவில் ரவுட்டர் இருக்கிறது என்று வையுங்கள். இடையில் கருங்கல் சுவர்கள், மேலே தகரக் கூரை. நாலாவது காம்பராவில் போனில் கோடுகள் நிறைந்து தெரிகின்றன, ஆனால் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி மணிக்கூட்டுப் படத்தோடு அப்படியே நிற்கிறது. ரவுட்டர் 20 டிபிஎம்மில் கத்துகிறது. போன் செலுத்துவது பெரும்பாலும் அதைவிடப் பல டெசிபெல் குறைவு. போனின் குரல் திரும்பி வந்து சேரவில்லை. ‘பரிமாற்ற சக்தி’யை உயர் என்று வைத்தால் பரிமாற்றம் கூடும் என்று நினைப்பவர் மேலும் கூட்டுவார், கோடுகள்தான் கூடும், செய்தி நகராது. செலுத்து வலு என்று எழுதியிருந்தால், செலுத்துவது யார், வாங்குவது யார் என்ற கேள்வி தானாகவே எழும். அங்கே செய்ய வேண்டியது ரவுட்டரை நடுக் காம்பராவுக்கு மாற்றுவது, அல்லது வயர் இழுத்து இன்னொரு அக்சஸ் பொயின்ட் (வைஃபை தரும் துணைப் பெட்டி) வைப்பது.

கூட்டினால் கிடைப்பதும் அற்பம். 17 இலிருந்து 20 ஆக்கினால் வலு இரட்டிப்பு; ஆனால் தடையில்லாத வெளியில்கூட எட்டும் தூரம் 1.4 மடங்குதான். தூரம் இரட்டிக்க 6 டெசிபெல் வேண்டும். சுவர்கள் இருந்தால் அதுவும் கிடைக்காது. போனில் வைஃபை அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு அதே இடத்தில் நின்று பாருங்கள்: -80 என்று காட்டியது -77 ஆகும், அவ்வளவே. வசதியாக வேலை செய்ய -65 அளவில் வேண்டும்.

‘கடத்து சக்தி’ என்றும் ஒரு கட்சி எழுதுகிறது. மின்கடத்தி, வெப்பக் கடத்தல் எல்லாம் பொருளுக்குள்ளே ஓடுவதைச் சொல்பவை. பத்திரிகையிலோ கடத்தல் என்றால் பொலிஸ் செய்தி. இதைவிட வலிய காரணம் ஒன்று உண்டு. வானொலி விதிகளில் அன்டெனா இணைப்பு முனையில் அளக்கும் வலு வேறு, அன்டெனாவிலிருந்து வெளியே வீசும் வலு வேறு. ‘கடத்து வலு’ என்ற பெயர் முந்தியதற்குத்தான் பொருந்தும்; அதை இங்கே வீணாக்கக் கூடாது. அமெரிக்க விதி 2.4 கிகாஹேர்ட்சில் முனையில் 1 வாட், அதாவது 30 டிபிஎம் வரை விடுகிறது. அன்டெனா நயம், அதாவது அலையை ஒரு பக்கம் குவிப்பதால் கிடைக்கும் கூடுதல், 6 டெசிபெல் வரை அதன்மேல் சேரலாம். ஐரோப்பிய விதி அன்டெனாவையும் சேர்த்தே 20 என்கிறது. பிந்திய அளவுக்கு ‘சமதிசைக் கதிர்ப்பு வலு’ என்று எழுதலாம்: எல்லாத் திசையிலும் சமமாக வீசும் அன்டெனாவாக இருந்தால் எவ்வளவு வேண்டியிருக்குமோ அந்த அளவு. கணக்கு எளிது: செலுத்து வலுவோடு அன்டெனா நயத்தைக் கூட்டி, வயர் இழப்பைக் கழிக்க வேண்டும். ஐரோப்பிய வரம்பில் நயம் 5 உள்ள அன்டெனாவுக்கு 15 வரை செலுத்தலாம். கடையில் நயம் 9 என்று ஒன்றை வாங்கிப் பூட்டினால் 11 ஆகக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் விதி மீறல், குறைத்தால் செலுத்தும் பக்கத்தில் ஆதாயமில்லை. வாங்கும் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் நன்மை.

அடுத்தது ‘கட்டுப்பாடு’. சட்டம் வைக்கும் உச்சத்தையும், ரவுட்டர் தானாகவே வலுவைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாட்டையும் ஒரே சொல்லால் எழுதினால் வாசகர் எதை அணைப்பது? முந்தியது வரம்பு, அதை அணைக்க முடியாது. பிந்தியது கட்டுப்பாடு.

‘பிராந்தியம்’ என்ற தெரிவைக் கண்டு நுவரெலியாவையோ ஊவாவையோ தேடுபவரைக் குறை சொல்ல முடியாது. அங்கே கேட்பது நாடு. 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க இலங்கைத் தொலைத்தொடர்புகள் சட்டமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் ஒழுங்குவிதி என்ற சொல்லைக் கையில் தந்திருக்க, அந்த நாட்டு விதித் தொகுப்பை ‘ஒழுங்குமுறை டொமைன்’ என்பது எதற்கு? ஒழுங்குவிதி வலயம் போதும். வளைகுடாவிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த ரவுட்டரில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். நாடு அமெரிக்கா என்றிருந்தால் 2.4 இல் 12, 13ஆம் அலைவரிசைகள் பட்டியலில் இராது. ரவுட்டரை 13இல் வைத்தால், அமெரிக்க விதியில் இயங்கும் மடிக்கணினிக்கு அந்த வைஃபை தெரியவே தெரியாது. ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில் நாடு குறிக்காமல் விட்டால் உலகப் பொது விதி பிடித்துக்கொள்ளும். 5 கிகாஹேர்ட்ஸ் பெரும்பாலும் எழும்பவே எழும்பாது. நாட்டைத் தெரிவுசெய்து, சேமித்து, மறுபடி இயக்குங்கள். அப்படியும் எண் கூடவில்லையென்றால் ரவுட்டரின் சிப்பில் பதித்த விதியும் நீங்கள் கொடுத்த விதியும் சேர்ந்து, இறுக்கமான பக்கத்தை எடுத்திருக்கின்றன. 5 கிகாஹேர்ட்சில் 52 முதல் 144 வரையான அலைவரிசைகளில் ரவுட்டர் ரேடாருக்காக ஒரு நிமிடம் காது கொடுத்துவிட்டுத்தான் பேசும்; வானிலை ரேடார் இருக்கும் 120, 124, 128இல் ஐரோப்பிய விதிப்படி பத்து நிமிடம். அது வலுக்குறைவு அல்ல, பழுதும் அல்ல.

பேச்சில் ‘பவர்’ என்பதை யாரும் விடத் தேவையில்லை. ஆனால் தோட்டப் பக்கத்தில் அதிகம் இருப்பது 4ஜி ரவுட்டர், அதற்குள் செலுத்திகள் இரண்டு. ஆகவே எழுதும்போது ‘வைஃபை செலுத்து வலு’ என்று முழுதாக எழுதுங்கள். கோபுரத்தை நோக்கிப் பேசும் 4ஜி செலுத்தியின் உச்சம் வழக்கமாக 23 டிபிஎம். அதை நொடிக்கு நொடி தீர்மானிப்பது கோபுரம், செயலியிலுள்ள அந்த வரிக்கு அதில் கையில்லை. மலை மறைத்துச் சிக்னல் ஒரு கோடாக இருக்கும் பள்ளத்து வீட்டில் வைஃபையை எவ்வளவு கூட்டினாலும் இன்டர்நெட் வேகம் மாறாது. பெட்டியைத் தகரத்துக்கு அடியிலிருந்து எடுத்து, கோபுரம் இருக்கும் பக்கத்து ஜன்னலில் வைத்தால் மாறும்.