சொல் விளக்கம்: அதிர்வுத் தணிப்பு

கோயம்புத்தூர் கணபதிப் பக்கம், கம்ப்ரசர் மூடித் தகட்டின் உள்ளே ஒட்டும் ஷீட் விற்பவர் ஒருவரின் விளம்பரத் தாளில் "அதிர்வு ஈரமாக்கும் அடுக்கு" என்று போட்டிருந்தது. போன மாதம் ஒரு பொறியியல் பாடக் குறிப்பிலும் இதே ஈரம். நாலாவது தடவை பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

அதிர்வை அடக்குவதை ஆங்கிலத்தில் டாம்பிங் என்பார்கள். டாம்ப் என்றால் ஈரம் என்றுதான் படித்திருப்போம். ஆனால் அந்தச் சொல் ஆவி, புகை என்ற பொருளோடு ஜெர்மானியக் கிளைமொழியிலிருந்து வந்தது. திணறடித்தல், நெருப்பை அமர்த்துதல் என்ற வினை அதிலிருந்து பிறந்தது, டாம்பிங் அந்த வழி. ஈரம் பின்னால் வந்து சேர்ந்த பொருள்.

ஈரத்தை விரட்டுவது சுலபம். எனக்குப் பெரிய சண்டை "அதிர்வுத் தடுப்பு" என்பதோடுதான், ஏனென்றால் அது பார்க்கச் சரியாக இருக்கிறது, படித்தவர்களே எழுதுகிறார்கள். மோட்டார் ஆடுவது தரைக்கு இறங்காமல் அடியில் ஸ்பிரிங் வைத்தால் அதைத் தடுப்பு என்று சொல்லுங்கள், சரி. டாம்பிங் வேறு. வெண்கலத் தாம்பாளத்தைத் தொங்கவிட்டுத் தட்டினால் ஓசை இழுத்துக்கொண்டே போகும், உள்ளங்கையை வைத்ததும் அடங்கிவிடும். அதிர்வு வந்துவிட்டது, அதன் ஆற்றலைக் கை வாங்கிக்கொண்டது. கார்பன் இழைகளைப் பிசினில் பதித்துச் செய்த கூட்டுப்பொருள் தகடும் கிட்டத்தட்ட அந்தத் தாம்பாளம் மாதிரிதான், விறைப்பு அதிகம், தானாக அடங்குவது குறைவு. அதனால் இழை அடுக்குகளுக்கு நடுவே மெத்தென்ற பாலிமர் அடுக்கு ஒன்றை வைக்கிறார்கள். தகடு வளையும்போது மேலும் கீழும் உள்ள அடுக்குகள் எதிரெதிராக நழுவப் பார்க்கும், நடு அடுக்கு அந்த இழுப்பில் உருக்குலைந்து ஆற்றலை வெப்பமாக்கிவிடும். இதற்குக் கெர்வின் என்பவர் 1959-லேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆடும்போது ஆற்றல் எவ்வளவு கரைகிறது என்பதைக் காட்டும் எண் இழப்புக் கெழு. வெறும் எஃகுத் தகட்டுக்கு அது 0.001 அளவுதான், நல்ல பாலிமரில் தோதான வெப்பநிலையில் அது 1-ஐத் தொடும். குளிர்ந்தால் பாலிமர் கண்ணாடியாக விறைக்கும், சூடேறினால் குழையும், இரண்டிலும் பயன் குறைவு. இதையெல்லாம் "தடுப்பு" என்ற சொல் மூடி மறைக்கிறது. அடுக்கைத் தடிப்பாக வைத்தால் அதிர்வே வராது என்று மாணவர் நினைத்துக்கொள்வார், தகட்டின் விறைப்பு போவது அவருக்குத் தெரியாது.

தணிப்பு என்றால் இந்தக் குழப்பம் இல்லை. சினம் தணிகிறது, தாகம் தணிகிறது, காய்ச்சல் தணிகிறது: எழுந்தது மெல்ல இறங்குகிறது. பண்புக்குத் தணிவு, செயலுக்குத் தணிப்பு, கருவிக்குத் தணிப்பான் என்று குடும்பமாக வரும். தண் என்பது குளிர்ச்சியாயிற்றே, அடுக்கு சூடாகிறதே என்று ஒரு நண்பர் கேட்டார். சூடாவது அடுக்கு, தணிவது அதிர்வு. பள்ளிப் பாடநூலில் வரும் "தடையுறு அலைவு" காற்றில் ஆடும் ஊசலுக்குப் பொருந்தும், ஆற்றலைத் தனக்குள்ளேயே கரைக்கும் தகட்டுக்குப் போதாது.

அப்புறம் விஸ்கோஎலாஸ்டிக், அந்த நடு அடுக்குப் பாலிமரின் குணத்துக்கு ஆங்கிலப் பெயர். "ஒட்டும் மீள்தன்மை" என்கிறார்கள். விளக்கெண்ணெய் கெட்டியாக ஓடும், அதை வைத்துக் காகிதம் ஒட்ட முடியுமா? கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பாலையில் காய்ச்சும் பாகைப் பார்த்திருந்தால் இந்தத் தப்பு வராது. பாகு இழுத்த இழுப்புக்கு வரும், திரும்பாது. ரப்பர் திரும்பிவிடும். இரண்டு குணமும் சேர்ந்தது பாகுமீள்மை. அகராதியில் முதலில் கண்ணில் பட்ட பொருளை எடுத்துப் போடும் மொழிபெயர்ப்பாளர்கள் பட்டறையில் ஒரு நாள் நின்றுவிட்டு எழுதலாம்.

ஷீட்காரரிடம் "அதிர்வு தணிக்கும் அடுக்கு" என்று எழுதிக் கொடுத்தேன். "அடுத்த தடவை மாத்திப் போட்டுடறனுங்க" என்றார்.