டாக்குமென்டரி பார்த்துவிட்டுத் தலைகீழாக நிற்காதீர்கள்

போன மாதம் என்னிடம் பிசியோதெரபிக்கு வந்தவருக்கு வயது 58. (யாரென்று தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) வலது கையில் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் மரத்துப் போகின்றன, கழுத்தைத் திருப்பினால் தோளிலிருந்து ஷாக் அடிக்கிற மாதிரி இறங்குகிறது என்றார். கழுத்தில் நரம்பு நசுங்கினால் இப்படித்தான் இருக்கும். வண்டியிலிருந்து விழுந்தீர்களா, கனமாக எதையாவது தூக்கினீர்களா, ராத்திரியெல்லாம் குனிந்து போன் பார்ப்பீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் இல்லை என்றார்.

"புதுசா ஏதாவது எக்சர்சைஸ் ஆரம்பிச்சீங்களா சார்?"

"சிரசாசனம் பண்றேன் மேடம். ரெண்டு மாசமா. இப்போ அஞ்சு நிமிஷம் நிக்கிறேன்."

சொல்லும்போது அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். யாரிடம் கற்றுக்கொண்டீர்கள் என்றேன். டாக்குமென்டரியில் பார்த்தாராம். ரிஷிகேசத்தில், கங்கைக் கரைப் பாறை ஒன்றின்மேல் வயதான சாமியார் ஒருவர் தலைகீழாக நிற்கிறார். "அந்த வயசுல அவரே நிக்கிறாரு, என்னால முடியாதா?" முதல் பத்து நாள் மனைவி காலைப் பிடித்துக்கொண்டாராம், அப்புறம் சுவர். தலைக்கு அடியில் ஒரு துண்டு. போனில் டைமர்.

கடைசியாக, எல்லோரிடமும் கேட்கும் கேள்வியைக் கேட்டேன். வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்? பி.பி. மாத்திரை ஒன்று. "அப்புறம் ராத்திரி கண்ணுக்கு ஒரு சொட்டு மருந்து." எதற்கு? "கண்ல பிரஷர் ஜாஸ்தின்னு சொன்னாங்க."

எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

கண்ணில் அழுத்தம் என்று அவர் சொன்னது கிளாக்கோமா. பார்வை நரம்பைச் சத்தமில்லாமல் அரிக்கும் நோய் அது, போன பார்வை திரும்பாது. சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் யோகா பழகிய 75 பேரைச் சிரசாசனத்தில் நிற்கவைத்துக் கண் அழுத்தத்தை அளந்து, 2006-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். தலைகீழாக நிற்கும்போது அழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. இவரோ அழுத்தத்தைக் குறைக்க ராத்திரி சொட்டு மருந்து விட்டுக்கொண்டு, விடிந்ததும் ஐந்து நிமிடம் அதை ஏற்றிக்கொண்டிருந்தார். கண் டாக்டரிடம் சொன்னீர்களா என்றால், "யோகாதானே மேடம், அதைப் போய் எதுக்குச் சொல்லணும்?" என்கிறார்.

இந்த வருடம் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். மூன்று பேரும் ஒரே வார்த்தையைச் சொன்னார்கள்: "டாக்குமென்டரியில காட்டினாங்க." சினிமாவில் ஹீரோ மாடியிலிருந்து குதித்தால் நாம் குதிப்பதில்லை, அது சினிமா என்று தெரியும். டாக்குமென்டரி என்றதும் அந்த எச்சரிக்கை போய்விடுகிறது. நடந்ததைத்தானே படம் பிடித்திருக்கிறார்கள், அப்படியானால் உண்மைதானே? உண்மைதான். அந்தச் சாமியார் நின்றது உண்மை. ஆனால் அவர் எத்தனை வயதில் ஆரம்பித்தார், எத்தனை வருடம் வெறும் தோளையும் முன்கையையும் பலப்படுத்தினார், பாரம் தலையில் எவ்வளவு, கையில் எவ்வளவு, எத்தனை முறை கழுத்து பிடித்துக்கொண்டது, கூடப் பழகியவர்களில் எத்தனை பேர் விட்டுவிட்டுப் போனார்கள் — இது எதுவும் படத்தில் இல்லை. நாற்பது வருடப் பழக்கத்தின் ஏழு விநாடியை எடுத்து, பின்னால் புல்லாங்குழலைப் போட்டுக் காட்டுகிறார்கள்.

அந்தப் புல்லாங்குழல் மீது எனக்குத் தனியாகவே கோபம் உண்டு. ஒருவர் ஆசனத்தில் இருக்கும்போது நான் முதலில் கவனிப்பது மூச்சுச் சத்தத்தை. மூச்சு திணறினால், தாடை இறுகினால், நெற்றி நரம்பு புடைத்தால் இறக்கிவிடுவேன். படத்தில் மூச்சு கேட்பதே இல்லை, அதன்மேல் இசையை ஊற்றிவிடுகிறார்கள். முகமும் தெரியாது, தூரத்திலிருந்து சூரிய உதயத்துக்கு எதிரே ஒரு நிழல் மட்டும் தெரியும். கற்றுக்கொள்ள வேண்டியதையெல்லாம் மறைத்துவிட்டு, காட்சிக்கு அழகானதை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

யோகா பற்றிய படங்களில் அடிக்கடி எடுத்துப் போடும் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் பதிவு இருக்கிறது. 1938-ல் மைசூரில் எடுத்தது, ஒலி கிடையாது. இன்றைய யோகாவுக்கு வழிபோட்ட ஆசிரியர் கிருஷ்ணமாச்சாரியார், அவர் மனைவி, குழந்தைகள், மனைவியின் தம்பியும் அவருடைய மாணவருமான பி.கே.எஸ். ஐயங்கார் (பின்னாளில் உலகப் புகழ் பெற்ற யோகா ஆசிரியர்) எல்லோரும் அதில் வருகிறார்கள். இருபது வயது ஐயங்காரின் உடம்பு ரப்பர் போல வளைவதைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். ஆனால் அது மகாராஜா ஆதரவில், யோகாவை ஊருக்குக் காட்டி ஆள் சேர்த்த காலம். மேடையில் காட்டுவதற்காகவே கட்டிய வித்தை அது. அந்த நாட்களில் ஒரு நிகழ்ச்சிக்காக, பழகாத அனுமனாசனத்தை (ஒரு காலை முன்னும் இன்னொன்றைப் பின்னும் தரையோடு நீட்டி உட்காருவது) குரு செய்யச் சொல்ல, தொடைத் தசை கிழிந்து வெகுகாலம் அவதிப்பட்டதாக ஐயங்காரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெல்ட், மரக்கட்டை, மடித்த போர்வை, நாற்காலி என்று அவர் புனேயில் வகுப்புக்குள் கொண்டுவந்த சாமான்களைப் பாருங்கள். வளையாத உடம்புக்காக, நோயுள்ள உடம்புக்காக வந்தவை அவை.

அதே கிருஷ்ணமாச்சாரியார் பிறகு சென்னைக்கு வந்து, 1989-ல் நூறு வயதில் மறையும்வரை இங்கேதான் இருந்தார். இங்கே அவர் செய்தது என்ன? வந்தவரின் நாடியைப் பார்ப்பார், வயதையும் வேலையையும் நோயையும் கேட்பார், அவருக்கென்று நாலைந்து அசைவுகளும் மூச்சும் எழுதிக்கொடுப்பார். பக்கத்து நாற்காலிக்காரருக்கு வேறு. கையை மூச்சோடு உயர்த்தி மூச்சோடு இறக்குவதைப் படம் பிடித்தால் யார் பார்ப்பார்கள்? அதனால் கேமரா திரும்பத் திரும்ப மைசூருக்கே போகிறது. சிகிச்சைக்கு உதவும் யோகா சென்னையில் ஒரு சின்ன அறைக்குள் நடந்தது. நம் ஊர்க்காரர்களுக்கே அது தெரியாமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

ஆசனத்தோடு நின்றால் பரவாயில்லை. "இதயத்தையே நிறுத்திக் காட்டினார்" என்ற வரி இல்லாத படம் அபூர்வம். வெங்கர், பாக்சி, ஆனந்த் என்ற மூன்று ஆய்வாளர்கள் இப்படிச் சொன்ன யோகிகளைக் கருவிகளோடு சோதித்து 1961-ல் எழுதிவிட்டார்கள். மூச்சை அடக்கி மார்பையும் வயிற்றையும் இறுக்கும்போது நாடி கைக்குப் படாமல் போகும், ஸ்டெதாஸ்கோப்பில் ஒலி மங்கிவிடும், ஆனால் இ.சி.ஜி.யில் துடிப்பு ஓடிக்கொண்டேதான் இருக்கும். இதய நோயாளி ஒருவர் இதை வீட்டில் முயன்று பார்த்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

சாப்பிடாமல் இருப்பது இதைவிட மோசம். குஜராத்தின் பிரகலாத் ஜானி பல பத்தாண்டுகளாகச் சோறு தண்ணீர் இல்லாமல் இருப்பதாகச் சொன்னார். அகமதாபாத்தில் 2003-லும் 2010-லும் அவரை மருத்துவமனையில் வைத்துப் பார்த்தார்கள். வாய் கொப்பளிக்கவும் குளிக்கவும் விட்டார்கள் என்பதைப் பகுத்தறிவாளர்கள் அப்போதே கேள்வி கேட்டார்கள். 2010-ல் வந்த ஓர் ஆஸ்திரிய ஆவணப்படத்தில் அவரும் இருக்கிறார், ஒளியை மட்டும் உண்டு வாழ முடியும் என்ற பேச்சும் இருக்கிறது. அதைப் பார்த்த சுவிட்சர்லாந்துப் பெண் ஒருவர் சாப்பாட்டை நிறுத்தினார். பட்டினியிலேயே இறந்துபோனார். 2012-ல் அங்கே பத்திரிகைகளில் வந்த செய்தி இது. இன்சுலின் போடுகிறவர்கள் தயவுசெய்து இதை இன்னொரு முறை படியுங்கள். எந்தச் சாமியாரைப் பார்த்தும் சாப்பாட்டையோ ஊசியையோ நிறுத்தாதீர்கள்.

கிளாக்கோமா, விழித்திரைக் கோளாறு, கட்டுப்படாத பி.பி., கழுத்து எலும்புத் தேய்மானம், எலும்புப் புரை, இதில் ஒன்று இருந்தாலும் சிரசாசனம், சர்வாங்காசனம் (தோளில் நின்று காலை மேலே தூக்குவது), ஹலாசனம் (படுத்துக் காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோவது) மூன்றும் வேண்டாம். கிளாக்கோமா உள்ளவர்கள், காலைச் சுவரில் சாய்த்துப் படுப்பதைக்கூட டாக்டரைக் கேட்காமல் செய்யாதீர்கள். கர்ப்பிணிகளுக்குக் கபாலபாதி (வயிற்றை உள்ளிழுத்து மூச்சை வேகவேகமாக வெளியே தள்ளுவது) கிடையாது. மனநல மருந்து எடுப்பவர்கள் பத்து நாள் மௌன தியான முகாமில் சேரும் முன் உங்கள் டாக்டரிடமும் முகாமிலும் சொல்லுங்கள், படிவத்தில் அந்தக் கேள்வி வந்தால் மறைக்காதீர்கள். ஆசனம் செய்யும்போது கை மரத்தால், கண் மங்கினால், தலை சுற்றினால் அன்றோடு நிறுத்துங்கள். "முதல்ல அப்படித்தான் இருக்கும்" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். டாக்டரிடம் மாத்திரைப் பட்டியலைச் சொல்லும்போது யோகாவையும் சேர்த்துச் சொல்லுங்கள். கற்றுக்கொள்ள ஆசையா? உங்கள் உடம்பைக் கண்ணால் பார்த்துச் சொல்லும் ஒரு ஆசிரியரிடம் போங்கள். முதல் நாளிலேயே தலைகீழாக நிற்க வைப்பவரிடம் போகாதீர்கள்.

படம் எடுப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். அந்தச் சாமியாரிடம், "எத்தனை வருஷமாச்சு சாமி, நடுவுல அடிபட்டுச்சா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டு, அவர் பதிலை வெட்டாமல் விடுங்கள். அரை நிமிடம் ஆகும்.

என்னிடம் வந்தவருக்குக் கழுத்து வலி பாதி குறைந்திருக்கிறது, ஆள்காட்டி விரலில் மரப்பு மிச்சம் இருக்கிறது. இப்போது நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சோடு கையை உயர்த்தி இறக்குகிறார், காலையில் பன்னிரண்டு முறை. "இதெல்லாம் யோகாவா மேடம்?" என்று முதல் வாரம் முகம் வாடிப்போனவர், நேற்று எண்ணிக்கை தவறியதும் தானாகவே முதலிலிருந்து ஆரம்பித்தார். வியாழக்கிழமை அவருக்குப் பார்வைப் புலச் சோதனை. முடிவு வந்ததும் போன் செய்யச் சொல்லியிருக்கிறேன்.