வாய் நாற்றத்துக்கு வயிற்றில் தேடாதீர்கள்

தென்காசி மாவட்டம் ஆலங்குளம் பக்கம் பல் மருத்துவம் பார்க்கிறேன். ஒருநாள் சாயங்காலம் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் மனைவியோடு வந்தார். பல்வலி என்றுதான் டோக்கன் போட்டிருந்தார்கள். அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் அந்த அம்மா என்னைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போய், "வலியெல்லாம் இல்ல டாக்டரம்மா. அவுக வாய் நாறுது. பொண்டாட்டி நான் எப்படிச் சொல்ல? அதான் பொய் சொல்லிக் கூட்டியாந்தேன்" என்றார்.

என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையும், கடைத் தாளில் மடித்த கிராம்புப் பொட்டலமும் வெளியே வந்தன. "வயித்துல புண்ணு. அதனால வாயில ஒரு வாடை. நாலு வருசமா இந்த மாத்திரை சாப்பிடுதேன், கேக்க மாட்டேங்குது." அவருக்கும் தெரிந்திருக்கிறது. நாலு வருடமாக இரண்டு பேரும் ஒரே விஷயத்தை ஒருவருக்கொருவர் மறைத்துக்கொண்டு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள்.

பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் நூலை அவருடைய கடைவாய்ப் பற்கள் இரண்டுக்கு நடுவே விட்டு எடுத்து, மூக்குக்கு நேரே பிடித்தேன். தலையைச் சட்டென்று பின்னால் இழுத்துக்கொண்டார். நூலில் லேசான ரத்தமும் பழுப்பாக ஏதோ பிசுபிசுப்பும் ஒட்டியிருந்தன. நாலு வருடம் வயிற்றில் தேடியது பல்லிடுக்கில் இருந்தது.

வாய் நாற்றம் என்று வருகிற பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்குக் காரணம் வாய்க்குள்ளேயேதான் இருக்கிறது. இரைப்பைக்கு மேலே உணவுக்குழாயின் வாசல் சாதாரணமாக மூடியே இருக்கும். ஏப்பம் வரும்போதோ, அமிலம் எதுக்களிக்கும்போதோதான் வயிற்று வாடை மேலே வரும். நாள் முழுக்க அடிக்கும் வாடைக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். அந்த இடங்கள் முக்கியமாக இரண்டு: நாக்கின் பின்பகுதி, ஈறுக்கும் பல்லுக்கும் நடுவிலுள்ள பள்ளம். இரண்டுமே காற்றுப் படாத இடம். அங்கே தங்கும் உணவுத் துணுக்கையும் உதிர்ந்த செல்களையும் பாக்டீரியாக்கள் சிதைக்கும்போது கந்தகம் கலந்த வாயுக்கள் கிளம்புகின்றன. அழுகிய முட்டையில் வருவதும் அதே ஹைட்ரஜன் சல்பைடுதான். கிராம்பும் ஏலக்காயும் அரை மணி நேரம் அதை மூடி வைக்கும், அவ்வளவுதான்.

அண்ணாச்சியின் கீழ்ப்பற்களுக்குப் பின்னால் காரை கல்லாகப் படிந்திருந்தது. பல் மேல் படியும் மெல்லிய அழுக்கு, எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து இறுகினால் அப்படி ஆகும். பிறகு எந்த பிரஷ்ஷுக்கும் அசையாது. செங்கல் பொடி, அடுப்புக்கரி, உப்பு போட்டுத் தேய்த்தால் பல்தான் தேயும். காரையைக் கருவி வைத்துத்தான் எடுக்க வேண்டும். இங்கேதான் நம் ஊரில் ஒரு பயம் குறுக்கே நிற்கிறது: "கிளீன் பண்ணுனா பல்லு ஆடிப்போவும்லா?" வாரத்துக்கு நாலு பேராவது என்னிடம் கேட்கிறார்கள். பல் ஆடுவது காரையால்தான். அது ஈறைக் கீழே தள்ளி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பைக் கரைத்துவிடும். அடைத்திருந்த காரை போனதும், வீங்கியிருந்த ஈறு வற்றியதும் இடைவெளி தெரியும். சில நாள் பல் கூசும். அதைத்தான் பல் ஆடிவிட்டது என்கிறார்கள். நான் இதை எத்தனை தடவை சொன்னாலும் அலுக்க மாட்டேன். இந்தப் பயத்தால் நல்ல பற்களை இழந்தவர்களை அவ்வளவு பார்த்துவிட்டேன்.

அப்புறம் நாக்கு. நம் பாட்டிமார் தென்னை ஈர்க்கைக் கிழித்து வளைத்து நாக்கு வழித்தார்கள். சரியான பழக்கம். இன்றைக்கு நாக்கு வழிக்கிறவர்களும் முன்பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள். வெள்ளையோ மஞ்சளோ கனமாகப் படிவது பின்னால்தான். குமட்டாத அளவுக்குப் பின்னாலிருந்து முன்னே மெதுவாக இழுங்கள், ரத்தம் வருமளவுக்கு வேண்டாம். ராத்திரி படுக்குமுன் பல் தேய்ப்பது காலையில் தேய்ப்பதைவிட முக்கியம். தூங்கும்போது எச்சில் சுரப்பது வெகுவாகக் குறைந்துவிடும். வாயைக் கழுவ ஆள் இல்லாத நேரம் அது.

எச்சில் என்றதும் பீடி சுற்றும் பெண்கள்தான் எனக்கு நினைவுக்கு வருகிறார்கள். இந்தப் பக்கம் முக்கூடல், பாவூர்ச்சத்திரம் என்று எங்கே போனாலும் திண்ணையில் மடியில் தட்டோடு பெண்கள் இருப்பார்கள். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுந்தால் எண்ணிக்கை குறையும் என்று தண்ணீர் குடிக்க மாட்டார்கள், காலைச் சாப்பாடு பதினொரு மணிக்கு மேல். புகையிலைத் தூள் நடுவிலேயே பகல் முழுக்க. ஒரு அக்கா சேலை முந்தியால் வாயை மூடிக்கொண்டுதான் என்னிடம் பேசினார். கையுறை போட்ட விரலால் கன்னத்தின் உட்புறத்தைத் தொட்டால் ஒட்டிக்கொண்டது. அவ்வளவு வறட்சி. ஈறைச் சுத்தம் செய்தேன். பக்கத்தில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு நூறு பீடிக்கு ஒருதரம் இரண்டு மடக்குக் குடிக்கச் சொன்னேன். சர்க்கரையும் பார்க்கச் சொன்னேன், கூடுதலாகத்தான் இருந்தது. சர்க்கரை ஏறினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரை அடங்காது. பிரஷருக்கும் மனநலத்துக்கும் சாப்பிடும் சில மாத்திரைகளும் வாயை வறளச் செய்யும். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்.

கடையில் வாங்கும் வாய் கொப்பளிக்கும் மருந்தை மாதக்கணக்கில் ஊற்ற வேண்டாம். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி உள்ளது இரண்டு வாரம் தாண்டினால் பல்லில் பழுப்புக் கறை ஏறும். பல்செட் வைத்திருப்பவர்கள் ராத்திரி கழற்றித் தேய்த்துத் தண்ணீரில் போடுங்கள். வெற்றிலையோடு போயிலை போடுகிறவர்கள் வாயில் இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ இருந்தால், நாற்றத்தை விட்டுவிட்டு முதலில் அதைக் காட்டுங்கள். தனியார் செலவு கட்டாது என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் பல் பிரிவு இருக்கிறது.

இன்னொன்று, குழந்தைகள். மூன்று வயதுப் பிள்ளையை வாய் நாறுகிறது என்று தூக்கி வந்தார்கள். பல்லில் ஒரு பழுது இல்லை. முகத்தருகே குனிந்தபோது வாடை வலது மூக்கிலிருந்து வந்தது, அந்தப் பக்கம் மட்டும் சளி. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பினேன். புளியங்கொட்டை ஒன்றை எடுத்தார். ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றமும் சளியும் இருந்தால் வீட்டில் ஹேர்பின் விட்டு நோண்டாதீர்கள், இன்னும் உள்ளே போய்விடும். உள்ளே இருப்பது பொம்மையின் பட்டன் பேட்டரியாக இருந்தால் சில மணி நேரத்திலேயே மூக்கை அரித்துவிடும். சந்தேகம் வந்த உடனே, ராத்திரியானாலும், கிளம்பிவிடுங்கள்.